முடியாத கோடையை எழுதுவது எப்படி?

வணக்கம். கார்ட்டூன் தொடர் உருவாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மொத்தத்தையும் பேச ஒரு மாலை போதாது, அதனால் கோடை முகாமில் நடக்கும் தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பார்க்கச் சுலபமான களம் இது. உள்ளே போனால்தான் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பது தெரியும்.

அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கோடையில் இரண்டு மாதத்துக்கும் மேல் விடுமுறை. அதில் சில வாரங்கள் பிள்ளைகளை ஏரிக்கரைக் காட்டு முகாமில் கொண்டுபோய் விடுவது அங்கே பழைய வழக்கம். 1861இல் கனெக்டிகட்டில் ஃபிரெடெரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை அழைத்துப்போய்க் கூடாரமடித்துத் தங்கியதிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவார்கள்.

எழுத்தாளருக்கு இதில் என்ன லாபம்? குழந்தைகள் கதை எழுதுகிறவர்களுக்கு அப்பா அம்மாவை எப்படி அப்புறப்படுத்துவது என்பதே பெரிய தலைவலி. முகாம் கதையில் அந்த வேலை பஸ் கிளம்பும்போதே முடிந்துவிடும். தயாரிப்பாளருக்கும் சந்தோஷம்தான். எல்லோருக்கும் ஒரே சீருடை கொடுத்துவிட்டால் வரைய வேண்டிய உடைகள் குறைவு. அதே கேபின், அதே ஏரி, அதே உணவுக்கூடம் என்று பின்னணிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முகாம் என்றால் ஒரு நாள் முடிந்தாக வேண்டும். தொலைக்காட்சித் தொடரோ ஓடும்வரை ஓட வேண்டும். இதற்கு என்ன செய்வது?

ஜோ மர்ரே உருவாக்கிய 'கேம்ப் லாஸ்லோ' 2005 முதல் 2008 வரை 61 எபிசோடுகள் வந்தது. அதில் கோடை முடிவதே இல்லை, யாரும் அதைக் கேட்பதும் இல்லை. ஆனால் காலம் நகராத கதையில் யாரும் பெரிதாக வளர முடியாது. எனவே மாறவே மாறாத ஆட்கள் வேண்டும். லாஸ்லோ என்ற குரங்குப் பையனுக்கு முகாமில் எல்லாமே அதிசயம். முகாம் தலைவர் லம்பஸ் ஒரு மூஸ் மான், பிள்ளைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவருக்குக் கீழே ஓடில்லா நத்தையான ஸ்லிங்க்மேன் மாங்குமாங்கென்று உழைக்கிறார். லாஸ்லோவுக்கு இந்த முகாம் முடியவே கூடாது, லம்பஸுக்கு இன்றைக்கே முடிந்தால் தேவலை. எந்தச் சம்பவத்தைப் போட்டாலும் பதினோரு நிமிடம் தாங்குவது இந்த இழுபறியால்தான். என்னைக் கேட்டால், தொடரின் அச்சு லம்பஸ்தான். புதிதாக எழுதுகிறவர்கள் பிள்ளைகளைச் செதுக்கிச் செதுக்கி உருவாக்கிவிட்டு, பெரியவரை வெறும் கத்தும் ஆளாக விட்டுவிடுகிறார்கள்.

கனடாவின் 'டோட்டல் டிராமா ஐலண்ட்' (2007) நேர் எதிர். ரியாலிட்டி ஷோக்களைக் கிண்டலடிக்கும் தொடர் அது. முகாமில் 22 பேர். இரவு தீமூட்டிச் சுற்றி உட்காருவார்கள். மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் கிடைத்தவர் தங்கலாம், கிடைக்காதவர் அன்றே படகேற வேண்டும். முடிவையே கதையின் மோட்டார் ஆக்கிவிட்டார்கள். இதற்கும் விலை உண்டு. இத்தனை பேரையும் முதலிலேயே வடிவமைக்க வேண்டும், பிறகு ரசிகர்களுக்குப் பிடித்தவரையும் அனுப்ப வேண்டும். போனவர்களில் இருவரை நடுவில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனுக்குக் களத்தையே ஒரு திரைப்பட ஸ்டுடியோவுக்கு மாற்றினார்கள்.

ஜூலியா பாட் உருவாக்கிய 'சம்மர் கேம்ப் ஐலண்ட்' (2018) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சூனியக்காரிகள் நடத்தும் மந்திரத் தீவு, அதனால் நாட்காட்டி கறாராக இல்லை. ஆனாலும் ஆஸ்கர் என்ற யானைக் குட்டியின் தோழி ஹெட்ஜ்ஹாக் மந்திரம் கற்றுக்கொண்டு வேறொருத்தியாகிக்கொண்டே போகிறாள். மூன்றில் இதுதான் எழுதக் கஷ்டம்.

இன்னொன்று, மூன்று தொடர்களும் முதலில் ஒளிபரப்பானது ஜூலை 7, 8 தேதிகளில். முகாமுக்குப் போகாத பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் சமயம்! ஒரு எபிசோடு கதையிலிருந்து திரைக்கு வர ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். ஆகவே இந்தக் கோடைக்கான கதையை எழுதப் போன வருடமே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் பயிற்சிக்காக ஒன்று எழுதுவதானால், வீட்டுக்குப் போடும் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். பஸ் வந்து நிற்பது, ஆளாளுக்குப் பெயர் சொல்வது எல்லாம் வேண்டாம். இரவு, கேபினில் அடுக்குக் கட்டில், போர்வைக்குள் டார்ச். பையனின் குரல் மட்டும் கேட்கிறது: "அம்மா, இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள்." படத்தில் அவன் தலையணை ஏரியில் மிதக்கிறது, கரையில் நாலு பேர் சிரிக்கிறார்கள். "சாப்பாடு பிரமாதம்." தட்டில் ஏதோ நகர்கிறது. குரல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று காட்டுகிறது. பேசும் முகத்தைக் காட்டாததால் வாயசைவு வரையும் வேலையும் பாதி குறையும்.

ஆனால் அந்தக் கடிதத்தின் மேலே தேதி போடுவீர்களா? போட்டால், அடுத்த கடிதத்தில் தேதி நகர வேண்டும். பின்னணி ஓவியர் ஆகஸ்ட் வெயிலுக்கு வேறு மஞ்சள் கலக்க வேண்டும், பையனும் கொஞ்சம் கறுத்திருக்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போடாவிட்டால், உடனே லம்பஸ் மாதிரி ஓர் ஆளைத் தேடுங்கள். இதை முதல் ஸ்டோரிபோர்டுக்கு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்து பார்க்கும் கட்டத்துக்கு, முன்பே முடிவு செய்துவிடுங்கள், பத்தாவது எபிசோடில் மாற்றினால் எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள். சரி, இனி உங்கள் கேள்விகள்.