கத்திக்கு முன்னால் மூன்று மாதம்

நடுவர் அவர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தருமபுரி மக்களே, எல்லோருக்கும் வணக்கம். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் நம்ப வேண்டியது அறுவை சிகிச்சையையா, உடம்பு தானாக ஆறுவதையா என்பது தலைப்பு. நான் இரண்டாவது அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அடித்துச் சொன்னார்: "அறுந்த ஜவ்வு ஒட்டவே ஒட்டாது. எண்ணெய் தடவி, கட்டுப் போட்டுப் படுத்தால் தொடை சூம்பிப் போகும்." பின்பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் படுத்துக் கிடப்பதுதான் இயற்கை என்று யார் சொன்னது? ஆற வேண்டிய காலுக்கு அளவாக வேலை கொடுக்க வேண்டும். அதைத்தான் எங்கள் அணி கேட்கிறது.

என் தம்பி கபடி ஆடுகிறவன். பாடிப் போனவன் கோட்டுக்குத் திரும்பும்போது பாதம் மண்ணிலேயே ஊன்றி நின்றது, முட்டி மட்டும் திருகிக்கொண்டது. 'டப்' என்று சத்தம். பொழுது சாய்வதற்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஸ்கேனில் முன் ஜவ்வு, அதாவது முட்டிக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல்., முழுதாகக் கிழிந்திருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த வாரமே ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அம்மா தோட்டை அடகு வைக்கக் கையில் எடுத்துவிட்டார். இன்னொரு எலும்பு மருத்துவரிடமும் காட்டினோம். அவர் காலைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முட்டி பூட்டிக்கொள்ளவில்லை, எலும்பு உடையவில்லை. வீக்கம் வடியட்டும். மூன்று மாதம் பயிற்சி செய், அப்புறம் பார்ப்போம்."

முதல் பயிற்சி என்ன தெரியுமா? துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, காலை நீட்டிக் கீழே அமுக்க வேண்டும். தொடை இறுகும், முட்டிச் சில்லு மேலே ஏறும். ஐந்து எண்ணிவிட்டு விட வேண்டும். முதல் நாள் அவன் தொடை துடிக்கவே இல்லை, அழுதுவிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஆறாம் நாள் சில்லு ஒரு நூல் அளவு நகர்ந்தது, அதை என் விரலால் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தான், திண்ணைப் படியில் ஏறி இறங்கினான், கடைசியாக ஒற்றைக் காலில் நின்றான்.

வீட்டுக் கதை போதாது என்பீர்கள். சரி, ஆய்வுக்கு வருகிறேன். ஸ்வீடனில் இப்படி முன் ஜவ்வு கிழிந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 62 பேருக்கு உடனே ஆபரேஷன், 59 பேருக்கு முதலில் பயிற்சி. 2010-இல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஐந்தாம் ஆண்டிலும் அதேதான். அந்த 59 பேரில் 30 பேர் பின்னால் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். "பாதிப் பேர் கத்திக்குத்தானே போனார்கள்" என்று எதிரணி கேட்கும். போனார்கள்தான். மீதி 29 பேரை முதல் வாரமே கிழித்திருந்தால், அந்த வலி எதற்கு, அந்தச் செலவு எதற்கு?

ஒட்டவே ஒட்டாது என்றாரே, அதற்கும் பதில் இருக்கிறது. அதே ஆய்வின் ஸ்கேன்களைத் திரும்பப் பார்த்து 2023-இல் எழுதினார்கள். இரண்டு ஆண்டில் கத்தி படாமல் இருந்தவர்களில் பாதிக்கும் சற்று மேலானவர்களுக்கு ஜவ்வு கூடியதற்கான அடையாளம் ஸ்கேனில் தெரிந்தது.

ஆபரேஷன் என்றால் கிழிந்ததைத் தைப்பது என்று நம் ஊரில் நினைக்கிறோம். பெரும்பாலும் நம் காலிலிருந்தே தசையை எலும்போடு கட்டும் நார் ஒன்றை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அங்கே பொருத்துகிறார்கள். அதற்குப் பிறகும் அந்தத் துண்டைச் சுருட்டி வைத்துத்தான் ஆக வேண்டும்! விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள்.

முட்டி நடுவில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை, இரண்டு மூன்று ஜவ்வு ஒரே நேரத்தில் கிழிந்துவிட்டது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், ஓடுங்கள். அங்கே நான் எதிரணியோடு நிற்பேன்.

தம்பி இப்போது பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறான். மழையில் தீர்த்தமலைப் படி ஏறி இறங்கினான், முட்டி நழுவவில்லை. கபடிக்கு மட்டும் இன்னும் இறங்கவில்லை. இறங்கியே தீருவேன் என்றால், முட்டியும் நழுவினால், அன்றைக்கு ஆபரேஷன் பற்றிப் பேசுவோம். அம்மாவின் தோடு காதில்தான் இருக்கிறது நடுவர் அவர்களே, அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்.