வான்கோவின் அறைச் சுவர் என்ன நிறம்?

வணக்கம் நேயர்களே. டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ உயிரோடு இருந்தபோது ஒரேயொரு படம்தான் விற்றது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அது முழுக்கச் சரியில்லை. 1882 இல் அவருடைய சித்தப்பா காசு கொடுத்து, ஹேக் நகரக் காட்சிகள் பன்னிரண்டைப் பேனாவால் வரைவித்தார். 1890 இல் பிரசெல்ஸ் கண்காட்சியில் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ 400 பிராங்குக்குப் போனது. வாங்கிய அன்னா பொக்கும் ஓர் ஓவியர்தான். அதற்குமேல் சொல்லும்படி வருமானம் இல்லை. 27 வயதில் ஓவியத்துக்கு வந்து 37 வயதில் இறந்தவர். இடையில் 800க்கும் மேற்பட்ட எண்ணெய் வர்ணப் படங்கள். வர்ணம், வரையும் துணி, சாப்பாடு, வாடகை எல்லாம் தம்பி தியோ அனுப்பிய காசு.

அப்படி வாங்கிய வர்ணங்கள் எல்லாமே நிலைத்து நிற்கவில்லை. 1888 ஒக்டோபரில், தென் பிரான்சின் ஆர்ல் நகரில் தன் படுக்கையறையை வரைந்தபோது, சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார். இன்று ஆம்ஸ்டர்டாமில் பார்ப்பவருக்குச் சுவர் நீலம். நீலத்தோடு கலந்த சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப் போய்விட்டது. ஜெரேனியம் லேக் என்ற சிவப்பும் அப்படித்தான்: இயோசின் என்ற சாயத்தில் செய்தது, பார்க்கப் பளிச்சென்றிருக்கும், வெயிலுக்கு நிற்காது. இது அவருக்குத் தெரியாததல்ல. காலம் எப்படியும் மங்கவைக்கும், அதனால் கூடுதலாகவே அப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. துணிச்சலான கணக்கு, ஆனால் பிழைத்த கணக்கு. சிவப்பு வெளிறிய அளவுக்கு நீலம் வெளிறவில்லையே!

குரோம் மஞ்சளுக்கு வேறு வியாதி. அதிலுள்ள குரோமியம் ஒளி பட்டு இரசாயன மாற்றம் அடைந்து, மஞ்சள் கபிலமாகிறது. வெளிர் மஞ்சள் வகைகள்தான் முதலில் கெடும்.

அடுத்தது ஈரம். இதை மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லை. 1889 தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் கிடக்க, குளிர்காயத் தீ மூட்டாத வீட்டில் ஆற்று வெள்ளத்தின் ஈரம் ஏறி, சுவரில் நீரும் உப்பும் கசிந்தன. அறைப் படத்தின் வர்ணம் உரியத் தொடங்கியது. அதனால்தான் அந்த செப்டெம்பரில் அதையே மறுபடி வரைந்தார். அந்தப் பிரதி சிக்காகோவில் இருக்கிறது.

கல்லடியில் அழகியற் கற்கைகள் பயிலும் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. எண்ணெய் வர்ணம் தண்ணீர் வற்றுவதுபோலக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. தடிப்பாக அப்பினால் மேலே தோல் கட்டும், உள்ளே மாதக்கணக்கில் இளகியே கிடக்கும். அப்படிப்பட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேடெல்லாம் தட்டையாகி, மற்றத் துணியின் இழை பதியும். வான்கோ சுருட்டிப் பாரிஸ் நகருக்கு அனுப்பிய படங்களில் இந்தத் தடம் உண்டு. மார்கழி மழையில் சட்டகத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் துணியில் பூஞ்சணம் பிடிக்கும்.

படங்கள் எப்படித் தப்பின என்றால், ஒரு பெண்ணால். தியோவும் 1891 ஜனவரியில் இறந்துபோக, அவர் மனைவி யோ கைக்குழந்தையோடு அத்தனையையும் காத்தார். 1905 இல் ஆம்ஸ்டர்டாமில் 480க்கு மேற்பட்ட ஆக்கங்களைக் காட்சிக்கு வைத்தார். 1914 இல் கடிதங்களை வெளியிட்டார். சுவர் ஊதா என்று நாம் இன்று சொல்ல முடிவது அந்தக் கடிதங்களால்தான்.

வர்ண ரியூப் வாங்கும்போது பெயரை விட்டுவிட்டு, நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிஆர் 83 (PR 83) என்றிருந்தால் அது அலிசரின் என்ற சிவப்பு, வெளிறும். குறியீடே இல்லாத மலிவு ரியூப் என்றால், ஒரு கடதாசித் துண்டில் பூசிக் காயவிட்டு, பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி, வெயில் விழும் யன்னலில் இரண்டு மாதம் ஒட்டிவையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால், அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.