தலைக்கு 66 கில்டர்

நேயர்களுக்கு வணக்கம். எட்டாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. நடுவில் நாற்காலியில் ஆசிரியர்கள், கீழே சம்மணம் போட்டுச் சிலர், பின்னால் பெஞ்சு மேல் ஏறிய நெட்டையர்கள். "தாத்தா, நீங்க எங்கே?" என்று பேத்தி கேட்டால், ஒருவனுடைய காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் அரை நெற்றியைக் காட்டுவேன். கொடுத்த காசு மட்டும் முழுசு!

குழு ஓவியம் என்றாலே எனக்கு அந்தக் காசுதான் ஞாபகம் வரும். 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் காவற்படை. பேர்தான் படை, அதில் முக்கால்வாசி வசதியான வியாபாரிகள். மன்றத்துச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பங்கு போடுவார்கள். ராஜா கொடுத்த பணமல்ல, கோயில் பணமல்ல, பங்குப் பணம். 1529-லேயே டிர்க் யாகப்ஸ் என்பவர் ஆம்ஸ்டர்டாமில் 17 பேரை வரைந்திருக்கிறார். பார்த்தால் எங்கள் வகுப்புப் படமேதான், வரிசை கட்டி நிற்கிறார்கள்.

பங்கு என்றால் தகராறும் உண்டல்லவா? எனக்குப் பிடித்த தகராறு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸுடையது. 1633-ல் ஆம்ஸ்டர்டாம் படைக்குழு ஒன்று, மொத்தம் 16 பேர், அவரிடம் படம் கேட்டது. ஹால்ஸ் குடியிருந்தது ஹார்லெமில். மூன்று வருஷமாகியும் படம் முடியவில்லை. "இங்கே வந்து முடித்துக் கொடும்" என்கிறார்கள் இவர்கள். "நீங்கள் இங்கே வாருங்கள்" என்கிறார் அவர். முகங்களை ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி ஹார்லெமில் முடிப்பதாகத்தான் பேச்சு, தலைக்கு 60 கில்டர் (அந்த ஊர்க் காசு) என்பது அவர் கட்சி. ஆம்ஸ்டர்டாமுக்கே வந்து முழு உருவமும் வரைந்தால் 66 தருவதாகச் சொன்னோமே என்பது இவர்கள் கட்சி. நோட்டரியை வைத்துப் பத்திரம் எழுதி அனுப்பிக்கொண்டார்கள்!

தூரம் எவ்வளவு என்கிறீர்கள்? சுமார் 20 கிலோமீட்டர். அதுவும் 1632-லேயே இரண்டு ஊருக்கும் நடுவே கால்வாய் வெட்டி, குதிரை இழுக்கும் படகு ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் போதும். இரண்டு தரப்பும் ஏறவில்லை. கடைசியில் பீட்டர் கோடே என்ற உள்ளூர்க்காரர் 1637-ல் படத்தை முடித்தார். பாவம், அவர் பெயரெடுத்தது சின்னச் சின்னப் படங்களில். இதுவோ நாலு மீட்டருக்கு மேல் அகலம். இடது ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவர் ஹால்ஸின் கை. 1885-ல் இதைப் பார்த்த வான்கோ அந்தக் கொடிக்காரரிடமே சொக்கிப்போய்த் தம்பிக்குக் கடிதம் எழுதினார். வலப்பக்கம் போகப் போக உடுப்பெல்லாம் நேர்த்திதான். அந்த வீச்சு இல்லை. அங்கே நின்றவர்களும் பங்குப் பணம் கொடுத்தவர்கள்தானே என்று எனக்குத் தோன்றும்.

சரி, அதே காலத்து ஓவியர் ரெம்பிராண்டுக்கு வருகிறேன். 1642-ல் வரைந்த 'இரவுக் காவல்', அதுவும் காவற்படைப் படம்தான். உண்மையில் அது பகல். வார்னிஷ் கறுத்ததால் வந்த பேர். அதிலும் ஆளுக்குச் சுமார் 100 கில்டர், நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடவோ குறையவோ. ஆனால் இவர் யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. தளபதி கையை நீட்டிக்கொண்டு நடக்கிறார், ஒருவர் துப்பாக்கியில் மருந்து போடுகிறார், பணமே தராத ஒரு சின்னப் பெண் தங்க உடையில், இடுப்பில் கோழி தொங்க, பளிச்சென்று நிற்கிறாள். பணம் கட்டியவர்களோ இருட்டில்! 1715-ல் நகர மன்றத்துக்கு மாற்றியபோது சுவருக்கு அடங்கவில்லையென்று நாலு பக்கமும் வெட்டினார்கள். இடது ஓரத்தில் நின்றவர்கள் துண்டோடு போனார்கள். என் அரை நெற்றியாவது தப்பியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் என்று. ஹால்ஸ் எண்பது தாண்டி வரைந்த முதியோர் இல்லத்து நிர்வாகப் பெண்மணிகளைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், அது போகட்டும். ரெம்பிராண்டின் 1662 படம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். துணியின் தரம் பார்க்கும் அதிகாரிகள் ஐந்து பேர், தலையில் தொப்பியோடு. அவர்களுக்குப் பின்னால் தொப்பியில்லாமல் ஒரு பணியாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், அந்தப் பணியாளைத்தான் ரெம்பிராண்ட் இங்கும் அங்குமாக மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்திருக்கிறார். வணக்கம்.