மாடுலர் கிச்சன் வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

[திரையில்: கதவுகள் மூடியிருக்கும் ஒரு புதிய சமையலறை. கேமரா மெல்ல நகர்ந்து சிங்க் அடியிலுள்ள கதவின் முன் நிற்கிறது.]

வணக்கம். புதிதாகக் கட்டி முடித்த சமையலறையைப் பார்த்தவுடன், அதைச் செய்தவர் நல்ல வேலைக்காரரா என்று யாராலும் சொல்லிவிட முடியாது. பலகைமேல் ஒட்டிய லேமினேட் தகடு பளபளக்கும், கதவுகள் ஓசையின்றி மூடிக்கொள்ளும், டிராயர்கள் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டு மூன்று மழைக்காலங்கள் கடந்து, தினமும் பாத்திரம் கழுவி, வாரந்தோறும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான், உள்ளே போட்ட பலகை எத்தகையது, அதன் ஓரங்கள் ஒழுங்காக அடைக்கப்பட்டனவா என்பதெல்லாம் வெளியே தெரியவரும். ஆகவே, ஆளைத் தேடும்போது அவர் சென்ற மாதம் முடித்த வேலையின் புகைப்படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் செய்து கொடுத்த சமையலறையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வீடியோவில் நாம் வலியுறுத்துவது.

சென்னையில் ஒரு குடும்பம் தன் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்துக்குப் பொதுவாக மூன்று வழிகள் இருக்கும். வீட்டிலேயே வந்து தங்கிப் பலகை அறுத்துச் செய்து கொடுக்கும் தச்சர்கள் ஒரு வகை. தமிழ்நாட்டு ஆசாரிமார்களோடு ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே தொழில் செய்பவர்களும் இதில் உண்டு. சொந்தப் பட்டறையில் இயந்திரத்தில் அறுத்து, அறுத்த ஓரங்களை மூடும் ஓரப்பட்டையை ஒட்டி, பெட்டிகளாகக் கொண்டுவந்து பொருத்துபவர்கள் இரண்டாம் வகை. ஷோரூம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்றாவது.

எங்கள் கருத்தில், நடுத்தரச் செலவில் செய்பவர்களுக்கு இரண்டாம் வகையே பெரும்பாலும் பொருந்தும். கையால் ஒட்டிய ஓரப்பட்டையைவிட, எட்ஜ் பேண்டிங் இயந்திரம் சூடான பசையை உருக்கி அழுத்தி ஒட்டும் பட்டை நீரை நெடுநாள் தடுக்கிறது. அதே நேரத்தில், உள்ளே எந்தப் பலகை போடுவது என்பதை நீங்களே தீர்மானிக்கவும் முடிகிறது. நிறுவனங்களிடம் போனால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: பெட்டியின் உட்பலகை பிளைவுட்டா, மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பா, மரச் சில்லுகளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டா? பார்ட்டிக்கிள் போர்டு, ஓரம் திறந்து தண்ணீர் புகுந்துவிட்டால் உப்பிப்போகும். உலர்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது.

வயரிங் செய்பவர் மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். தச்சு வேலைக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. ஆகவே, விசாரிக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரையே சேர்கிறது.

[திரையில்: திறந்த சிங்க் கதவு. ஒரு கை அடிப்பலகையின் பின்மூலையைத் தடவுகிறது.]

பழைய வேலையைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது? முதலில் சிங்க் அடியிலுள்ள கதவைத் திறவுங்கள். கழிவுநீர்க் குழாய் இறங்கும் இடத்தில் அடிப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுங்கினாலோ, லேமினேட் கொப்புளித்திருந்தாலோ, ஈரவாடை அடித்தாலோ, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. குழாய்க்காகப் போட்ட துளையின் ஓரம் எதுவும் பூசாமல் அப்படியே விடப்பட்டிருக்கிறதா, சிலிகான் பூசி அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். யாரும் பார்க்காத அந்த அரை அங்குல ஓரத்தை ஒருவர் எப்படி முடித்திருக்கிறார் என்பதில் அவருடைய வேலைப் பழக்கம் முழுவதும் தெரிந்துவிடும். பிறகு, எவர்சில்வர் பாத்திரங்கள் நிறைந்த கீழ் டிராயரை இழுத்துப் பாருங்கள். காலியான டிராயர் எதுவும் நன்றாகவே ஓடும். பாரம் ஏறிய டிராயர்தான், அதைத் தாங்கி ஓடவைக்கும் சேனலின் தரத்தையும் அது பொருத்தப்பட்ட நேர்த்தியையும் காட்டும். லாஃப்ட் கதவுகள் வளைந்திருக்கின்றனவா, கதவுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா, கீல் திருகுகள் தளர்ந்து ஆடுகின்றனவா என்றும் பாருங்கள்.

அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் போதும். பணம் முழுவதும் வாங்கிய பிறகு, ஒரு கீல் கழன்றது என்று கூப்பிட்டபோது அவர் வந்தாரா? அன்று வேலை பேசியவரும் வீட்டில் நின்று வேலை செய்தவரும் ஒருவர்தானா? இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. ஒப்பந்தம் பேசும் மேஸ்திரி வேறு, பொருத்த வரும் ஆட்கள் வேறு என்பது இத்தொழிலில் சாதாரணம். அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் பார்த்து மெச்சிய சமையலறையைச் செய்த கைகள் உங்கள் வீட்டுக்கும் வருமா என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

[திரையில்: அளவெடுக்கும் டேப்பும் நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கும் தச்சர்.]

அளவெடுக்க வருபவர் உங்களிடம் என்னென்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். நீளம், உயரம், நிறம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவரைவிட, வீட்டில் அதிகம் சமைப்பவரின் உயரம் என்ன, கிரைண்டர் எங்கே நிற்கும், அதை அடிக்கடி நகர்த்துவீர்களா, அரிசி எத்தனை கிலோ வாங்கி வைப்பீர்கள், தரையை நீர் விட்டுக் கழுவுவீர்களா, துடைப்பதோடு சரியா என்று கேட்கிறவரே உங்கள் வீட்டை மனத்தில் வைத்து வேலை செய்வார். மேடையின் உயரம் வழக்கமாக 32 முதல் 34 அங்குலம் வரை இருக்கும். குள்ளமானவர் உயர்ந்த மேடையில் தோளைத் தூக்கியே கிளற வேண்டியிருக்கும், உயரமானவர் தாழ்ந்த மேடையில் குனிந்தே நிற்க வேண்டியிருக்கும். தரையைக் கழுவும் வீட்டில் பெட்டிகளைத் தரைமேல் நேரடியாக உட்கார வைக்காமல், 4 அங்குல பிவிசி கால்களின் மேல் நிறுத்த வேண்டும். மூன்றடி அகலத் தட்டில் நடுவே தாங்கல் இல்லாமல் பாத்திரங்களை அடுக்கினால் 18 மில்லிமீட்டர் பலகையும் நாளடைவில் வளையும். இவற்றை நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னால் அவரை நம்பலாம்.

கேஸ் சிலிண்டரைப் பற்றியும் அவரே பேச்செடுக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிட எடை மிகுந்தது; கசிந்தால் தரையோடு தங்கும். ஆகையால், சிலிண்டரை மேடைக்கு அடியில் வைப்பதாக இருந்தால் அந்தப் பெட்டியின் கதவில், குறிப்பாகக் கீழ்ப்பகுதியில், காற்றோட்டத்துக்கான திறப்புகள் இருந்தே ஆக வேண்டும். அழகுக்காக அதை மூடிவிடச் சம்மதிக்கும் தச்சரை, அவர் வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஏற்றுக்கொள்ளாதீர்கள். ரெகுலேட்டர், குழாய் இணைப்பு வேலைகள் உங்கள் கேஸ் ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக்கின் பொறுப்பு, தச்சரிடம் விடாதீர்கள்.

[திரையில்: ‘ப’ வடிவமல்லாத, ஒரு மூலை மட்டும் கொண்ட சமையலறையின் வரைபடம். அளவுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

இனி கொட்டேஷன். வீட்டுக்காரருக்கும் தச்சருக்கும் மனக்கசப்பு உண்டாவது பெரும்பாலும் இங்கேதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, எந்தச் சதுர அடி என்பதை முதலில் தீர்க்க வேண்டும். ஒரு சிலர் முன்பக்கப் பரப்பை மட்டும், அதாவது நீளத்தை உயரத்தால் பெருக்கிக் கணக்கிடுவார்கள். வேறு சிலர் உள்ளிருக்கும் தட்டுகளையும் பக்கப் பலகைகளையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். விலை குறைவாகச் சொன்னவரின் பில் கடைசியில் கூடுதலாக வருவது இதனால்தான். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சுவர் 10 அடி, அடுத்த சுவர் 8 அடி, மேடையின் ஆழம் 2 அடி. மூலையை இரண்டு பக்கமும் சேர்க்கக் கூடாது என்பதால், கீழ்ப் பெட்டிகளின் நீளம் 18 அடி அல்ல, 16 அடி. உயரம் இரண்டே முக்கால் அடி என்றால் பரப்பு 44 சதுர அடி. மூலையை இரு முறை எண்ணினால் அது 49.5 சதுர அடியாகிவிடும். இதே கணக்கை மேல் பெட்டிகளுக்கும் லாஃப்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லதே. ஆனால் மூவரிடமும் ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். பிளைவுட்டின் தரமும் தடிமனும், லேமினேட் வெளியே 1 மில்லிமீட்டரா, உள்ளே என்ன, கீல்களும் சேனல்களும் எந்த நிறுவனத்தின் எந்த வகை, எத்தனை எண்ணிக்கை, கூடைகள் எளிதில் துருப்பிடிக்காத 304 தர ஸ்டீலா, ஜிஎஸ்டி உள்ளடங்கியதா, பழைய அலமாரியைப் பெயர்த்து அப்புறப்படுத்துவது யார் செலவு ஆகியவை அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘நல்ல கம்பெனி பிளை’ என்று மட்டும் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சிங்க் பகுதிக்காவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை, அதாவது நீரைத் தாங்கும் பிளைவுட்டைக் கேளுங்கள். கடைகளில் இதைச் சுருக்கமாக ‘710’ என்பார்கள். பலகை வந்திறங்கியதும், அறுப்பதற்கு முன்பே, ஐஎஸ்ஐ முத்திரையோடு அச்சிடப்பட்டிருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, அது உண்மையான உரிமமா என்று பார்த்துவிடலாம். ஒரு துண்டை வாங்கிச் சில மணி நேரம் கொதிநீரில் போட்டு, அடுக்குகள் பிரிகின்றனவா என்று பார்ப்பவர்களும் உண்டு. தன் பொருளில் நம்பிக்கையுள்ள தச்சர் இதற்குக் கோபப்படமாட்டார். தச்சருக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். அதைப் பற்றிச் சண்டையிட வேண்டியதில்லை. ஆனால் பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஏனெனில் பலகையின் உத்தரவாதத்தைக் கேட்டுப் போகும்போது அந்தப் பில்தான் கைகொடுக்கும்.

தச்சரை டைல்ஸ் வேலை முடிந்த பிறகு தேடுவது பலரும் செய்வது. அதற்கு முன்பே அவரைப் பேசி முடித்துவிடுங்கள். சிம்னி, ஓவன், ஆர்ஓ, கிரைண்டர் ஆகியவற்றின் பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வர வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் சுவரைச் சரியான இடத்தில் உடைப்பார்கள். குழாய்களைச் சுவருக்குள் பதித்ததும், பூசுவதற்கு முன், டேப்பைச் சுவரில் பிடித்துப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் பெட்டிக்குத் துளையிடும்போது குழாய் உடைந்தால் யார் சரிசெய்வது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பணத்தை வேலையின் நிலைகளோடு இணைத்துக் கொடுங்கள்: ஒப்பந்தத்தின்போது சிறு தொகை, பலகை வந்திறங்கியதும் ஒரு பகுதி, பெட்டிகள் பொருந்தியதும் ஒரு பகுதி, கதவுகள் மாட்டியதும் ஒரு பகுதி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, சமைக்கத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத் தருவதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் கடைசியில் பணத்தை நிறுத்தி வைப்பது உழைத்தவருக்குச் செய்யும் அநீதி. அந்தச் சில வாரங்களில் சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு அடியில் கசிகிறதா என்று பாருங்கள், டிராயர்களில் முழுப் பாரத்தை ஏற்றுங்கள், கதவுகளைத் தினமும் திறந்து மூடி, உரசும் இடங்களைக் குறித்து வைத்து ஒரே பட்டியலாகக் கொடுங்கள்.

[திரையில்: 1915 என்ற எண்.]

பட்டியலைக் கொடுத்தும் வேலையைச் சரிசெய்ய மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கையெழுத்திட்ட கொட்டேஷன், வங்கி வழியாகச் செலுத்திய பணத்தின் பதிவு, தேதியோடு எடுத்த புகைப்படங்கள் ஆகிய மூன்றையும் புகாரோடு இணைத்துக் கொடுங்கள்.