40 ரூபாய்ப் பனம்பழம்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மாட்டும் பஞ்சை ஆடு தின்றதைத்தான் போன வீடியோவிலேயே பார்த்தீர்களே.

இன்றைக்குக் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். நேற்று ராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓர் அக்கா சாக்கு விரித்துப் பனம்பழம் விற்றார். ஒன்று 40 ரூபாய்! நான் சாயல்குடிப் பக்கம், பனங்காட்டுக்குள்ளேயே வளர்ந்தவன். என்னிடமே 40 ரூபாய். “அக்கா, இது தானா விழுகிற பழந்தானே?” என்றேன். “விழுறதுதான் தம்பி. பொறுக்க ஆளு வேணுமில்ல, நீ வர்றியா?” என்றார். 30-க்குக் கேட்டேன், அசையவில்லை. பேசிக்கொண்டே நின்றதில் என் பஸ் போய்விட்டது. வீட்டில் சொன்னால் அம்மா கேட்கிறார்: “அடுத்த பஸ் வர்ற வரைக்கும் என்ன செஞ்ச?” இரண்டு டீ, ஒரு வடை. 42 ரூபாய். சரி, அதை விடுங்கள்.

அந்த ரோஷத்தில் இன்று விடியுமுன் தோப்புக்கு வந்துவிட்டேன். மாடுகள் முந்திக்கொண்டால் நமக்குச் சக்கைதான் மிஞ்சும். இரண்டு பழம் கிடைத்தது. ஒன்று விழுந்த வேகத்தில் மணலுக்குள் பாதி இறங்கிக் கிடந்தது. பழம் விழுவதையே எடுத்துவிடலாம் என்று ஒரு மணி நேரம் அண்ணாந்து நின்றேன். காக்கை வந்தது, உட்கார்ந்தது, போனது. பழம் விழவில்லை. கேமராவை அணைத்தேன், முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். ஆக மூன்று.

இப்போது காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டுச் சுடுகிறேன். கறுப்புத் தோல் வெடித்துச் சாறு நுரைக்கிறது பாருங்கள். இந்த வாசனை சிலருக்குக் குமட்டும். எனக்கு ஆவணி வந்துவிட்டது என்றால் இந்த வாசனைதான். ஐயோ, மறந்துவிட்டேன். சுடுவதற்கு முன்பே தலையில் இருக்கும் தொப்பியைப் பிடுங்கிவிட வேண்டும். வண்டு துளைத்த பழம் என்றால் அங்கேதான் தெரியும்.

தோலை உரித்துக் கொட்டை கொட்டையாகப் பிய்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று இருக்கும், இதில் இரண்டுதான். பிறகு கடிக்காதீர்கள், நாரோடு சேர்த்துச் சப்புங்கள். முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டையில் ஒரு சின்னக் கசப்பு. அந்தக் கசப்புக்குத்தான் நான் அடிமை. வெறும் இனிப்பாகவே இருக்கிற மாம்பழமெல்லாம் எனக்குக் குழந்தைச் சாப்பாடு. திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டுங்கள். கசப்பு பிடிக்காதவர்கள் கருப்பட்டி போட்டு அவித்துச் சாப்பிடலாம், அம்மா அப்படித்தான்.

இன்னொன்று. சித்திரையில் நுங்கு வீடியோ போட்டேனே, ஒரு குலையை நானே காலி செய்தது? அன்று விட்டுவைத்திருந்தால் இன்று அத்தனையும் பழம். நுங்காகவே வெட்டித் தீர்த்துவிட்டுப் பழத்துக்கு 40 ரூபாய் என்று அந்த அக்காவிடம் சண்டை போட்டிருக்கிறேன். மாநில மரம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

கொட்டை எட்டு தேறியிருக்கிறது. கொல்லையில் மணல் கூட்டிப் பதித்துவிடுவேன், பொங்கலுக்குக் கிழங்கு வீடியோ உறுதி. சட்டையில் பட்ட மஞ்சள் கறை போகாது, அதை அம்மா பார்ப்பதற்குள்... இருங்கள், கடைவாயில் ஒரு நார் மாட்டியிருக்கிறது.