லென்ஸை மாற்றாமல், வெளிச்சத்தைச் சாய்த்து

[காட்சி: நுண்ணோக்கியின் கீழ் ரத்தம் தடவிய ஒரு கண்ணாடித் தகடு]

நுண்ணோக்கியில் ரத்தம் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். ரத்த அணுவின் உட்பகுதி தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அதிகம் பெரிதாக்கும் லென்ஸுக்கு மாற வேண்டும். மாற்றியதுமே பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். அப்புறம் தகட்டை நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டியதுதான்.

அகலமும் நுணுக்கமும் ஏன் சேர்ந்து கிடைப்பதில்லை?

[காட்சி: பொருளைக் கடந்து விரியும் ஒளிக்கதிர்கள்]

பொருளைக் கடக்கும் ஒளி விலகிப் பரவுகிறது. விவரம் எவ்வளவு நுணுக்கமோ, அவ்வளவு அதிகமாக விலகும். அகலமாகப் பார்க்கும் சாதாரண லென்ஸ் குறுகிய கோணத்துக்குள் வரும் ஒளியை மட்டுமே வாங்கும். மிச்சம் வெளியே போய்விடும், நுணுக்கமும் அதோடு போய்விடும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே இதை விளக்கிவிட்டார்.

[காட்சி: தகட்டுக்கு அடியில் எல்இடி பலகை, ஒவ்வொன்றாக எரிகிறது]

2013-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் குவோவான் ஷெங், ரோர்க் ஹார்ஸ்ட்மையர், சாங்ஹ்வே யாங் மூவரும் லென்ஸைத் தொடாமல் விளக்கை மாற்றினார்கள். ஒரு எல்இடி எரியும், ஒரு படம் எடுப்பார்கள். அடுத்தது எரியும், அடுத்த படம். ஓரத்து எல்இடியின் வெளிச்சம் சாய்ந்து வருவதால், முன்பு தப்பிப் போன ஒளி இப்போது லென்ஸுக்குள் விழுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே மங்கல் படங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் வேறொரு பங்கு விவரம் இருக்கிறது. இந்த முறைக்குப் பெயர் ஃபூரியர் டைகோகிராஃபி.

சரி, இவற்றை எப்படி ஒட்டுவது? கேமரா பிரகாசத்தை மட்டுமே பதியும். ஒளி அலை எந்தக் கட்டத்தில் வந்தது, அதாவது தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பது பதியாது. அது தெரியாமல் ஒட்டவே முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுத்தடுத்த எல்இடிகளின் படங்களில் பெரும்பகுதித் தகவல் பொதுவாக இருக்கும்படி பலகையை அமைக்கிறார்கள். கணினி முதலில் ஒரு முழுப் படத்தை ஊகிக்கிறது. அந்த ஊகம் சரியென்றால் ஒவ்வொரு எல்இடியிலும் என்ன தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, எடுத்த படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறது. திரும்பத் திரும்ப. பொதுப் பகுதியில் எல்லாப் படங்களும் ஒத்துப்போயாக வேண்டும் என்பதால், தவறான கட்டம் நிலைக்காது.

[காட்சி: முழுத் தகடு, அதிலிருந்து ஒற்றை ரத்த அணு வரை நெருங்குகிறது]

2 மடங்கு மட்டுமே பெரிதாக்கும் லென்ஸில், சுமார் 120 சதுர மில்லிமீட்டர் பரப்பு முழுவதும் 0.78 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுணுக்கம் கிடைத்தது! கட்டமும் கைக்கு வந்ததால், சாயம் ஏற்றாத செல்கள் தெரிகின்றன. ஃபோகஸ் தவறிய இடத்தையும் பிறகு கணக்கிலேயே சரிசெய்யலாம்.

தடிமனான திசுவில் இந்த எளிய கணக்கு நிற்காது, ஒளி உள்ளேயே பலமுறை சிதறிவிடும். படங்கள் எடுத்து முடியும்வரை மாதிரி அசையவும் கூடாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லெய் டியான், லாரா வாலர் குழு 2014-ல் பல எல்இடிகளை ஒரே நேரத்தில் எரியவிட்டு, எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது.