பக்கத்து சீட்டில் ஒரு வாரம்

நேயர்களுக்கு வணக்கம். 30 வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, இப்போது மதுரையில் ஹெவி லைசென்ஸ் எடுக்க வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வந்த அன்றே எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ரிவர்ஸ் எப்போ?" ரிவர்ஸ் பத்து நாளில் வந்துவிடும், ரோட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். அதனால் முதல் வாரம் பையனுக்கு ஸ்டியரிங் கிடையாது, பக்கத்து சீட்தான். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். "ஒத்தக்கடையில ஷேர் ஆட்டோ நிக்குது, ஆள் ஏறியாச்சு, சட்டுனு கிளம்பும். முன்னாடி பால் கேன் வச்ச வண்டி, திரும்பிப் பார்க்காம உள்ளே வரும்." இரண்டு நாள் வெட்கப்படுவார்கள். அப்புறம் நான் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கால் பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய ஒரு வினாடி. ஏர் பிரேக்கில் காற்று போய்ப் பிடிக்க இன்னும் கொஞ்சம். முன்னால் போகும் லாரியின் பின்புறத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறவனுக்கு அந்த நேரம் எங்கே கிடைக்கும்?

மலைப்பாதைக்குப் பழைய டிரைவர்கள் வைத்த கணக்கு, ஏறின கியரிலேயே இறங்கு என்பது. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, சின்ன வயதுத் திமிரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பிரேக் லைனர் கருகும் வாடை வந்தது, மிதித்தால் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எப்படியோ நிறுத்தினேன். சூடான பிரேக் டிரம் ஆறும்வரை பயணிகள் யாரும் என்னிடம் பேசவில்லை.

பயிற்சி என்றாலே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்ட இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விபத்து கூடியது! சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டதுதான் காரணம் என்றார்கள். அதனால்தான் நான் சாகசம் எதையும் சொல்லித்தருவதில்லை.

2021 முதல் அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரக வண்டிக்கு 38 மணி நேரம், 6 வாரத்துக்குள் என்று விதி இருக்கிறது. தேறினால் தனியாக டெஸ்ட் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், அந்த 38 மணி நேரமும் ஒழுங்காக நடந்தால்.

லைசென்ஸ் வாங்கிப் போன பையன் ஒருவன் போனில் பேசினான். "ஹாரனுக்கு வேலையே இல்லைண்ணே, ஆனா லேட்டா வர்றேன்னு ஓனர் திட்டுறாரு." அவரையும் ஒரு நாள் அந்தப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து மேலூர் வரை கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன்.